பட்டியலில் வராத அடி

நான் ஓட்டுகிற ஆபீஸ் வண்டியில் வருகிறவர்கள் என்னிடம் எதையாவது கொடுத்துவைத்துவிட்டுப் போவது வழக்கம். குடை, பேங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு. ஒரு முறை ஒரு பெண் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கொலுசைக்கூடக் கொடுத்தாள். வண்டியின் முன்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாயங்காலம் அவரவர் கையில் சேர்த்துவிடுவேன். நம்பிக் கொடுத்ததை அமானிதம் என்போம் நாங்கள். கொடுத்தவரிடமே அதைத் திருப்பிச் சேர்க்க வேண்டும். நடுவில் இன்னொருவரிடம் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவன் நான். சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் கேட்டவற்றில் இது ஒன்று மனதில் நன்றாக ஊன்றிவிட்டது.

இந்த வார்த்தையை ஜெயவேலுவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஒருநாள் கபடிப் போட்டியில் வாங்கிய மெடலை என்னிடம் நீட்டி, “உள்ள வைங்க பாய், ஆபீஸ்ல பாத்தா கலாய்ப்பானுங்க” என்றான்.

“கொடுப்பா. அமானிதமா இருக்கும்.”

“அப்டீன்னா?”

சொன்னேன். அவன் அந்த வார்த்தையை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ஜெயவேலு மாடம்பாக்கத்துக்காரன். அவனுடைய அப்பா காலத்தில் இருந்த நிலமெல்லாம் பிளாட் போட்டு விற்று, இரண்டு அக்காமார் கல்யாணமும் ஒரு மெத்தை வீடும் ஆகிவிட்டன. அப்பா இல்லை. அம்மா கிளியம்மாள் மட்டும், இன்னும் வீடு கட்டாத பிளாட்டுகளில் நட்ட கற்களுக்கு நடுவே நான்கு மாடுகளை மேய்த்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜெயவேலு பி.காம். முடித்தவன். ஆனால் அவனை யாரும் பி.காம். என்று சொல்ல மாட்டார்கள். ஏரிக்கரை டீம் ஏழாம் நம்பர் என்றால் மேடவாக்கத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் கபடி பார்க்கிறவர்களுக்குத் தெரியும். எதிராளி கோட்டுக்குள் மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே போய், தொட்டுவிட்டுத் திரும்புவதில் அவனைப்போல் ஆள் இல்லை என்பார்கள். நான் கபடி அதிகம் பார்த்தவனில்லை. வண்டியில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆபீஸ் கேம்ப் ரோடு பக்கம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. முப்பது பேர். வெளிநாட்டிலிருந்து வரும் வேலைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்புவார்கள். நான் காலையில் பள்ளிக்கரணையிலிருந்து வண்டியை எடுத்து, மேடவாக்கம், வேங்கைவாசல் என்று ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு, கடைசியாக மாடம்பாக்கம் போய் ஜெயவேலுவையும் ஏற்றி ஆபீஸ் வருவேன். சாயங்காலம்வரை மேலே டீ போடும் அறையில் இருப்பேன்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து ஒரு வேலை வந்தது. அங்கே ஃபுட்பால் என்று ஒன்று ஆடுகிறார்கள். பெயர்தான் ஃபுட்பால். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறான் ஒருவன். அவன்மேல் நான்கு பேர் லாரி மாதிரி வந்து விழுகிறார்கள். எல்லோரும் தலையில் பெரிய ஹெல்மெட் போட்டு, தோளில் பலகைபோல எதையோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு டீமும் யாருக்கு அடி, எங்கே அடி, இந்த வாரம் ஆடுவானா மாட்டானா என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டுமாம். ஐந்து வருஷத்துப் பட்டியல்களையும் ஆட்டத்தின் வீடியோப் படங்களையும் அனுப்பிவிட்டு, ஆராய்ச்சி செய்கிற யாரோ சிலர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். அடிபடுவது வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா?

அந்த வேலையை ஆறு பேருக்குப் பிரித்துக் கொடுத்து மேற்பார்வை பார்த்தவர் சந்திரிகா மேடம். ஜெயவேலு விளையாட்டுக்காரன் என்பதால் அவனையும் போட்டார்.

முதல் மாதம் முழுக்க வண்டியில் அதே பேச்சுத்தான்.

“ஏன்டா ஜெயா, அவனுங்க இரும்பு சட்டை போட்டுக்கினு ஆடுறானுங்க, அப்பவும் அடிபடுது. நீ பனியன் டவுசரோட ஆடிக்கினு கீற. உன்ன எந்த லிஸ்ட்ல போடறது?” என்பான் ஒருவன்.

“என்ன அமெரிக்காக்காரன் போடுவான்டா. மாடம்பாக்கம், ஏழாம் நம்பர், உடம்பு முழுக்க அடி, இந்த வாரமும் ஆடுவான்னு.”

எல்லோரும் சிரிப்பார்கள். அந்த ஜூனில்தான் ஸ்கூட்டர், பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று போலீஸ் நிறுத்தி நிறுத்திப் பிடித்தார்கள். செலையூர் சிக்னலில் அதைப் பார்த்துக்கொண்டே ஜெயவேலு சொன்னான்: “ஹெல்மெட் விழுறவனுக்கு நல்லதுதான் பாய். ஆனா அங்க ஆடுறானே, தலைல அது இருக்கிற தைரியத்துலதான் தலையாலயே போய் முட்டுறான். எங்களுக்கு ஒண்ணும் இல்ல, அதனால தலைய ஒதுக்கிப்போம்.” சற்று நேரம் வெளியே பார்த்தான். “முக்காவாசி ஒதுக்கிப்போம்.”

பிறகு ஒருநாள் மத்தியானம் நான் டீ கொண்டுபோனபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். கம்ப்யூட்டரில் படம் நின்றுகொண்டிருந்தது.

“பாய், இந்த ஆளப் பாருங்க. முப்பத்தொண்ணு போட்டவன்.”

ஓட விட்டான். இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். முப்பத்தொன்று கீழே கிடந்தான். பிறகு எழுந்தான். யாரும் பிடிக்கவில்லை, தானாகவே எழுந்தான். கையைத் தட்டிக்கொண்டு நடந்தான். நேராக எதிர் டீம் ஆட்கள் நிற்கும் பக்கம் போனான். கூட ஆடுகிறவன் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

“இப்ப பாருங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி ஆடுறான். அந்த வாரம் லிஸ்ட்ல இவன் பேரே இல்ல.”

“அடிதான் படலையே? எழுந்துட்டானே” என்றேன்.

“எழுந்துட்டான். எந்தப் பக்கம் போனான், பாத்தீங்கல்ல?” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “இவனுங்க கேக்குறாங்களே கூடுதா கூடுதான்னு. லிஸ்ட் கூடிக்கினுதான் கீது. ஆனா லிஸ்ட்ல வர்றது, மறைக்க முடியாத அடி பாய். மறைச்ச அடிய எவன் எண்ணுவான்? முன்னாடி மறைச்சான், இப்ப சொல்றானா? இல்ல நெஜமாவே கூடிச்சா? நம்மால சொல்ல முடியாது.”

அவன் சொன்னது அப்போது எனக்குப் பாதிதான் புரிந்தது. சந்திரிகா மேடத்திடம் இதைச் சொன்னானாம். பட்டியலில் இருப்பதை மட்டும் எண்ணு, அதுதான் கேட்டிருக்கிறார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

ஆடி மாதம் போன பிறகு ஜெயவேலுவிடம் ஒரு மாற்றம். வண்டியில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வான். வெயில் பட்டால் துண்டை முகத்தில் போட்டுக்கொள்வான். வண்டியில் பாட்டு வைத்தால் “கம்மி பண்ணுங்க பாய்” என்பான். முன்பு அவன்தான் கூட்டி வைக்கச் சொல்வான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அரசுத் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கபடிக்காரர்கள் இரண்டு பேரை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. செப்டம்பர் கடைசி சனிக்கிழமை தேர்வு. ஜெயவேலுவுக்கு டிசம்பரில் இருபத்தைந்து முடிகிறது. அதற்குமேல் மனுப் போட முடியாது. மூன்று வருஷமாக அவன் காத்திருந்தது இதற்குத்தான்.

“இது கெடச்சா அம்மா மாட்ட வித்துரும் பாய்” என்றான். “விக்க மாட்டேன்னு அது சொல்லும். நான் வித்துருவேன்.”

ரமலான் பிறை பார்த்து நோன்பு தொடங்கிய முதல் வாரம். சந்திரிகா மேடம் டீ அறைக்கே வந்து ஜெயவேலுவைக் கூப்பிட்டார். கையில் தாள்கள்.

“ஜெயவேலு, லாஸ்ட் இயர் மட்டும் இவ்வளவு ஏறுதேன்னு செக் பண்ணேன். ஆறாவது வாரத்த ரெண்டு தடவ போட்டிருக்க. செவ்வாய்க்கிழமை ஒரு தடவ, புதன்கிழமை திரும்பவும். ஒரு டீம் இல்ல, அந்த வாரம் பூரா.”

“இல்ல மேடம். நான் புதன்கிழமதான் போட்டேன்.”

“ரெண்டுலயும் உன் பேருதான் இருக்கு. நேத்து செஞ்சது இன்னிக்கு ஞாபகம் இல்லயா? நல்லாத்தானே பண்ணிட்டிருந்த? உடம்பு சரியில்லன்னா சொல்லு, லீவு எடுத்துக்க.”

“ஒண்ணும் இல்ல மேடம். தூக்கம் கம்மி.”

அவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார். நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் மற்றவர்களை முதலில் இறக்கச் சொல்லிவிட்டு ஜெயவேலு கடைசியில் என்னோடு தனியாக வந்தான். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாடம்பாக்கம் ஏரி ஓரம் வண்டியை நிறுத்தி, ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

“பாய், பொங்கலுக்கு வேங்கைவாசல்ல ஆடனேன்ல. அதுல ஒருத்தன் முட்டி இங்க இடிச்சிது.” நெற்றிப் பொட்டுக்கு மேலே தொட்டுக் காட்டினான். “அதுக்கப்புறம் பத்து நிமிஷம் ஆடியிருக்கேன். நாலு பாயின்ட் எடுத்தனாம். எனக்கு ஒண்ணுமே நெனப்பு இல்ல. எதிர் டீம் பக்கம் போயி உக்காந்துட்டேனாம், எல்லாரும் காமெடி பண்றேன்னு நெனச்சானுங்க. அப்புறம் ஆடில பிராக்டிஸ்ல இன்னொரு தடவ. அதுலேர்ந்து தல வலிக்குது பாய். நேத்து சாப்டது நெனப்பு வர்ல.”

“டாக்டர்கிட்ட போனியா?”

“போனா இன்னா சொல்வான்? ஆடாதம்பான். எழுதிக் குடுப்பான். எழுதிட்டா அது எங்கயாச்சும் போயி சேரும். ட்ரயல் முடியட்டும். ஒரு நாள் பாய். ஒரே ஒரு நாள் நல்லா நின்னுட்டேன்னா போதும். அப்புறம் எந்த டாக்டர்கிட்ட வேணாலும் வரேன். நீங்களே கூட்டிக்கினு போங்க.”

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

“இது உங்ககிட்ட அமானிதம் பாய்.”

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பழத்தை வாயில் போட்டுக்கொண்டேன். அவனுக்கும் ஒன்று கொடுத்தேன். “சரிப்பா” என்றேன்.

கொலுசையும் பாஸ்புக்கையும் வாங்கி வைத்ததுபோல அதையும் வாங்கி வைத்துவிட்டேன். பொருளும் ஓர் உயிரைப் பற்றிய ரகசியமும் ஒன்றா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆபீசுக்கு எதிர்ச் சந்தில்தான் பள்ளிவாசல். தினமும் மத்தியானம் லுஹர் தொழ அங்கே போகிறேன். அங்கே இமாமாக இருக்கும் ஹஜ்ரத் தொழுகை முடிந்து அரை மணி நேரம் தூணோரம் உட்கார்ந்திருப்பார், யார் எது கேட்டாலும் சொல்வார். ரோட்டைத் தாண்டினால் போதும். கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

தேர்வுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. காலையில் நான் மாடம்பாக்கத்தில் வண்டியை நிறுத்தியபோது ஜெயவேலு வருவதற்கு முன் கிளியம்மாள் வந்தார். கையில் ஒரு பாட்டில் பால்.

“பாய், நோம்பு தொறக்கிறப்ப குடிங்க. தண்ணி ஊத்தாத பாலு.”

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“இருக்கட்டும்.” வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என் ஜன்னலோரம் நெருங்கி நின்றார். “எம்புள்ள எதையோ மறைக்கிறான் பாய். மோர்ல உப்பு போட்டியா, உப்பு போட்டியான்னு மூணு வாட்டி கேக்குறான். போட்டேன்டான்னா சரிங்கிறான், திருப்பி கேக்குறான். நேத்து மாட்ட அவுத்து உட்டுட்டு நான் அவுக்கவே இல்லங்கிறான். உங்களாண்டதான் எல்லாம் பேசுவான். எதனா சொன்னானா?”

நோன்பு வைத்த வாய். பொய் சொல்லக் கூடாது. வாங்கி வைத்ததை வெளியே விடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தேடினேன். கிடைத்துவிட்டது.

“நாள் பூரா கம்ப்யூட்டரப் பாக்குறாங்கம்மா. எல்லாருக்கும் கண்ணு வலி, தலவலி இருக்கு. வேலை அப்படி.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எல்லோருக்கும் கண்வலி இருந்தது. ஆனால் அந்தத் தாய் முகத்தில் இருந்த பயம் அந்தச் சொல்லால்தான் இறங்கியது.

“அதான் போலக்குது. பொட்டி பாக்குற வேல” என்றார். ஜெயவேலு செருப்பை மாட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, “வர்றாரு பாரு, கவர்மென்ட்டு ஆபீசரு” என்று அவன் தலையைத் தடவினார். அவன் தலையை விலக்கிக்கொண்டான். அவர் அதைச் செல்லம் என்று நினைத்தார்.

அடுத்த நாள் காலை ஜெயவேலுவும் நானும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். கூட வாங்க என்று அவன்தான் கேட்டான். மைதானத்தில் எண்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பெயர் கூப்பிட்டு ஏழு ஏழு பேராகப் பிரித்து ஆடவிட்டார்கள். தேர்வு என்பதால் பிடிபட்டவனையும் வெளியே உட்கார வைக்கவில்லை. தேர்வு செய்கிற மூன்று பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கயிற்றுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றேன்.

அவன் ஆடியதை முழுசாக நான் அன்றுதான் பார்த்தேன். முதல் மூன்று தரம் பாடிப் போனபோது அவன் கால் மண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. மூன்றாவது தரம் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, பிடித்தவன் கையிலிருந்து மீன் மாதிரி நழுவி வந்தான். நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டார். எடுத்துவிடுவார்கள் என்று எனக்கே தோன்றியது. யா அல்லாஹ், இவனுக்குக் கொடு என்று கேட்டேன்.

நாலாவது தரம் ஒருவன் தொடையைப் பிடித்தான். இன்னொருவன் பக்கவாட்டில் வந்து தோளால் இடித்தான். மூன்று பேரும் ஒரே குவியலாக விழுந்தார்கள். ஜெயவேலுவின் தலை யாருடைய முழங்காலிலோ பட்ட சத்தம் கயிற்றுக்கு வெளியே கேட்டது. விசில் ஊதினார்கள். அவனே எழுந்தான். கையைத் தட்டிக்கொண்டான். பார்க்கிறவர்கள் கை தட்டினார்கள்.

அவன் எதிர் டீம் பக்கம் நடந்து போனான்.

நான்கைந்து எட்டு வைத்திருப்பான். அந்தப் பக்கத்துப் பையன் சிரித்துக்கொண்டே அவனைத் திருப்பி விட்டான். அங்கே இருந்த இத்தனை பேரில் அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதை எனக்குக் காட்டியவனே அவன்தான். வாயைத் திறந்தேன். ‘நிறுத்துங்க’ என்று ஒரு சொல். அதைச் சொன்னால் அவன் மூன்று வருஷம் காத்திருந்தது என் வாயால் போய்விடும். இன்னும் ஐந்து நிமிஷம்தான், முடிந்துவிடும், நேராக டாக்டரிடம் கூட்டிப் போய்விடுகிறேன் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த தரம் அவன் பாடிப் போனபோது குரல் குழறியது. நடுக்கோட்டைத் தாண்டி இரண்டடி போனான். யாரும் தொடவில்லை. அப்படியே மடிந்து விழுந்தான்.

மண்டைக்குள் இரத்தம் கட்டிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். பன்னிரண்டு நாள் கண் திறக்கவில்லை. அந்த வருஷம் நோன்புப் பெருநாள் தொழுதுவிட்டு நான் நேராகப் போனது அந்த வார்டுக்குத்தான். என் மனைவி ஷம்சாத் கொடுத்தனுப்பிய சேமியாவைக் கிளியம்மாளிடம் கொடுத்தேன். அவர் அதைப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

பெருநாள் கழிந்து ஹஜ்ரத்திடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“ஒருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா அத மூடி வைக்கிறது அமானிதம் ஆகாது பாய். சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்றதுதான் அங்க கடமை” என்றார். பிறகு, “தெனமும் இங்கதானே இருந்தீங்க” என்றார்.



ஆபீசில் அவன் மேசையைக் காலி செய்த அன்று சந்திரிகா மேடம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு டீ அறைக்கு வந்தார். நாற்பது பக்க நோட்டு. தேதி, யாருக்கும் யாருக்கும் ஆட்டம், சட்டை நம்பர் என்று வரிசையாக எழுதியிருந்தான்.

“இந்தப் பேரெல்லாம் எந்த லிஸ்ட்லயும் இல்ல பாய். யாரும் சொல்லாமயே இவன் தனியா எண்ணி வச்சிருக்கான். மொத்தம் நூத்துப் பதினாலு.” கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். “இது என்ன? இது அமெரிக்கா இல்லையே.”

அங்கே தமிழில் இரண்டு வரி இருந்தது. பொங்கல், வேங்கைவாசல், 7. ஆடி, மாடம்பாக்கம், 7.

ஜெயவேலுவின் தலையில் பட்ட அடிகள் அவை என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நான் அன்னிக்கு அவன ரெண்டு தடவ போட்டதுக்குத் திட்டினேனே” என்றார். தேடிப் பார்த்ததில் அவன் இன்னும் மூன்று வாரங்களை இரண்டு முறை ஏற்றியிருந்தானாம். அவற்றை எடுத்த பிறகு கடைசி வருஷத்து ஏற்றம் பாதியாகக் குறைந்துவிட்டது. அடிபட்ட தலையோடு உட்கார்ந்து எண்ணியதால் அடியின் எண்ணிக்கை ஏறியிருந்தது. அமெரிக்காவிலிருந்து பிறகு பதில் வந்தது. பட்டியல் கொஞ்சம் நீண்டிருக்கிறது, ஆனால் அடி கூடியிருக்கிறதா, சொல்வது கூடியிருக்கிறதா என்று இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். சந்திரிகா மேடம் எனக்குப் படித்துச் சொன்னார். அன்று கம்ப்யூட்டர் முன்னால் ஜெயவேலு சொன்னதுதான் அது.

ஜனவரியில் அவன் வீட்டுக்கு வந்தான். இடது கால் கொஞ்சம் இழுத்தது. பேச்சு மெதுவாக வரும். பழையதெல்லாம் நினைவிருந்தது, என்னைப் பார்த்ததும் “பாய்” என்றான். புதிதாக எதுவும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். போன முதல் வாரமே கேட்டான்:

“ட்ரயல் என்னிக்கு பாய்?”

நான் கிளியம்மாளைப் பார்த்தேன். அவர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, “அடுத்த மாசம்னு சொல்லிடுங்க. நாங்க அப்டிதான் சொல்றோம். சந்தோஷமா இருக்கான். கேட்டதே அவனுக்கு நெனப்பு இருக்காது” என்றார்.

“என்னால முடியாதும்மா.”

“ஏன் பாய்?”

அப்போதுதான் சொன்னேன். ஏரி ஓரம் அவன் சொன்னது, நான் வாங்கி வைத்தது, பால் பாட்டிலோடு அவர் கேட்டபோது கம்ப்யூட்டர் மேல் பழி போட்டது, வேப்பமரத்தடியில் வாயைத் திறந்து மூடியது, எல்லாம். மாடு ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அதை அவிழ்த்து வேறு கல்லில் கட்டிவிட்டு வந்தார்.

“நீங்க சொல்லியிருந்தா அவன உள்ள போட்டு பூட்டியிருப்பேன்” என்றார். “அவன் ஜன்னல ஒடச்சிக்கினாவது போயிருப்பான். அவன் அப்டிதான்.”

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

“இருந்தாலும் பூட்டிப் பாத்திருப்பேன் பாய்.”

அதற்குமேல் அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. வந்தால் மோர் கொடுப்பார். அவன் கேட்டால் என் இஷ்டப்படி சொல்லிக்கொள்ள விட்டுவிட்டார். ஆனால் அந்த நேரத்தில் எழுந்து உள்ளே போய்விடுவார்.

“ட்ரயல் என்னிக்கு பாய்?”

“முடிஞ்சிடுச்சுப்பா.”

“நான் போனனா?”

“போன. நானும் வந்தேன்.”

“எப்டி ஆடனேன்?”

“மூணு தடவ போயி நல்லா பாயின்ட் எடுத்த. மீன் மாதிரி நழுவின.”

“எடுத்தாங்களா?”

“இல்லப்பா. தலைல அடிபட்டுடுச்சு. பாதியில நின்னுடுச்சு.”

ஒவ்வொரு வாரமும் அவன் முகம் புதிதாகக் கேட்டதுபோல வாடும். ஒவ்வொரு வாரமும் அதைப் பார்ப்பேன். மறைத்தது போதும் என்றுதான் அதைச் செய்தேன். அது சரியா என்று இந்தத் தடவை ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். அவன் தாங்குகிற அளவு பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அளவு பார்க்க எனக்குத் தெரியவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மழைக்காலம் போய் அடுத்த பொங்கலும் வந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. ஏரிக்கரையில் போட்டி நடந்துகொண்டிருந்தது, மைக்கில் பாயின்ட் சொல்வது வீடு வரைக்கும் கேட்டது. ஜெயவேலு வாசலில் நாற்காலி போட்டுக் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாட்டின் கொம்பில் முந்தின நாள் அடித்த பச்சைப் பெயின்ட் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கேட்பான் என்று காத்திருந்தேன். வெகுநேரம் கேட்கவில்லை.

பிறகு மைக் சத்தம் வந்த பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“ட்ரயல் முடிஞ்சிடுச்சுல்ல பாய்.”

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

“என்ன எடுக்கல, இல்ல?”

“இல்லப்பா.”

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. கிளியம்மாள் ஈரக்கையோடு நிலைப்படிக்கு வந்து நின்றார். “நெனப்பு வந்துடுச்சு பாய்” என்றார். “எம்புள்ளைக்கு நெனப்பு நிக்குது.” டாக்டர் இதற்காகத்தான் ஒரு வருஷமாகக் காத்திருக்கச் சொல்லியிருந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஜெயவேலு அவரைப் பார்க்கவில்லை. துண்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். தோள் குலுங்கியது.

அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனுக்கு நன்றி சொல்ல வேண்டிய நேரம்தான் அது. சொன்னேன். அவன் நினைவில் முதன்முதலாக நின்ற சேதி அதுவாக இருக்க வேண்டாமே என்றும் நினைத்தேன். நாற்காலியை அவன் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.